வெள்ளை வவ்வாலும் கருப்பு வவ்வாலும் சொந்தமா? காசிமேட்டு மீனிலிருந்து பரிணாம மரம் வரை

எங்கம்மா முப்பது வருஷம் காசிமேட்டில் மீன் எடுத்து ராயபுரத்தில் கூடை போட்டு விற்றவர். நான் எம்.எஸ்சி. விலங்கியல் முதல் வருஷம் படித்தபோது ஒரு நாள் கருப்பு வவ்வாலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுவும் வெள்ளை வவ்வாலும் ஒரே குடும்பம்" என்று தங்கைக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா அருவாமனையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "பேருதான்டி வவ்வா. வாலாண்ட தொட்டுப் பாரு, பாறை மாரி சொரசொரன்னு கீது. அது பாறை சாதி."

தொட்டுப் பார்த்தேன். வால் தொடங்கும் ஒடுங்கிய இடத்தில், பக்கவாட்டுக் கோட்டின் மேல் சின்னச் சின்ன கெட்டிச் செதில்கள் விரலில் இடறின. வெள்ளை வவ்வாலில் அதே இடம் வழவழவென்று இருந்தது. அம்மா சொன்னது சரி. கருப்பு வவ்வால் பாறை மீனின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வெள்ளை வவ்வாலுக்கு நெருங்கிய சொந்தம் வேறு பக்கம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வேலையைச் சொல்லித்தருகிறேன். முதல் பயிற்சி எப்போதும் இந்த வவ்வால் கேள்விதான். புராஜெக்டுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் "ஏதாவது மீனை சீக்வென்ஸ் பண்ணலாமா மேடம்" என்று வருகிறவர்களுக்காக, செய்முறையை ஆரம்பத்திலிருந்து எழுதிவைக்கிறேன்.

ஏன் மைட்டோகாண்ட்ரியா?

ஒரு செல்லில் உட்கருவின் டிஎன்ஏ இரண்டே பிரதி. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் கொஞ்சம் நைந்த சதையிலிருந்தும் எடுத்துவிடலாம். மீன்களில் அது ஒரு வட்டம். சுமார் 16,500 எழுத்துகள் (டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்), 37 ஜீன்கள். அதில் 13 புரதம் செய்பவை, 22 டிஆர்என்ஏ, 2 ஆர்ஆர்என்ஏ.

இது தாய்வழியில் மட்டும் போகும். பாட்டியுடையது அம்மாவுக்கும் வரும், சித்திக்கும் வரும், தாய்மாமனுக்கும் வரும். ஆனால் மாமனோடு நின்றுவிடும். மாமன் பிள்ளைகளிடம் இருப்பது மாமியுடையது. அப்பா பக்கத்துக் கலப்பு இல்லாததால், தலைமுறை தலைமுறையாக நடந்த மாற்றங்களைக் குழப்பமில்லாமல் பின்தொடர முடிகிறது. அதே காரணத்தால் இது சொல்வது தாய்வழிக் கதையை மட்டும்தான். இரண்டு இனங்கள் எப்போதோ கலந்திருந்தால், மைட்டோகாண்ட்ரியா ஒன்று சொல்லும், உட்கரு ஜீன்கள் வேறு சொல்லும். ஆய்வறிக்கையில் இதை ஒளிக்காமல் எழுதுங்கள்.

கேள்வி முதலில், மீன் அப்புறம்

எந்த ஜீனைப் படிப்பது என்பதைக் கேள்விதான் முடிவு செய்யும். இது என்ன இனம் என்பது கேள்வியானால் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் முதல் துணையலகின் ஜீன், அதாவது சிஓஐ. அதில் சுமார் 650 எழுத்து நீளமுள்ள பகுதியைத்தான் உலகம் முழுக்கப் பார்கோடாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரே பேரினத்துக்குள் யார் யாருக்குச் சொந்தம் என்றால் சைட்டோகுரோம் பி நன்றாக வேலை செய்யும். குடும்பங்களுக்கு இடையே பார்க்க மெதுவாக மாறும் 16எஸ் என்ற ஆர்ஆர்என்ஏ ஜீனும் சேர வேண்டும். ராமேஸ்வரத்து மத்தியும் சென்னை மத்தியும் ஒரே கூட்டமா என்று கேட்டால், வேகமாக மாறும் கட்டுப்பாட்டுப் பகுதிதான்.

2005-ல் ராபர்ட் வார்டும் சகாக்களும் ஆஸ்திரேலியக் கடலின் 207 மீன் இனங்களில் சிஓஐ படித்தார்கள். ஒரே இனத்து மீன்களுக்குள் வித்தியாசம் சராசரி 0.39 சதவீதம். ஒரே பேரினத்தின் வெவ்வேறு இனங்களுக்குள் 9.93 சதவீதம். இந்த இடைவெளிதான் பார்கோடின் பலம். அவர்கள் கொடுத்த மீன் பிரைமர்களைத்தான் (படிக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) நாங்களும் பயன்படுத்துகிறோம்.

வவ்வால் கேள்விக்கு நாங்கள் எடுக்கும் மீன்கள்: வெள்ளை வவ்வால், கருப்பு வவ்வால், பாறை, வங்கடை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம், வாளை. இவை எல்லாவற்றுக்கும் வெளியே நிற்க ஒரு மீன் வேண்டும். மரத்துக்கு வேர் வைப்பது அதுதான். முதலில் மத்தியை வைத்துப் பார்த்தேன். ரொம்பத் தூரத்து மீன். கிளை நீண்டுபோய், உள்ளே இருக்கிற மீன்களையும் தப்பான இடத்துக்கு இழுத்தது. தும்பிலி அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. அதை வையுங்கள். இனத்துக்கு மூன்று மீனாவது எடுங்கள். ஒற்றை மீனில் வந்த தப்பு தப்பென்றே தெரியாது.

காசிமேட்டில்

விடியற்காலை மூன்று மணிக்குப் போங்கள். ஏலம் நடக்கிற நேரத்தில் யாரையும் கேள்வி கேட்காதீர்கள். ஏலம் முடிந்து ஐஸ் போடும்போது, "அண்ணா, இது எந்தப் போட்டு, எங்க வலை போட்டது?" என்று கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் மார்க்கெட்டில் இருக்கும் பெரிய மீன் லாரியில் வேறு கரையிலிருந்து வந்ததாக இருக்கலாம். பிடித்த இடம் தெரியாத மீன் குழம்புக்கு ஆகும், ஆய்வுக்கு ஆகாது.

வேளா, கடல்குதிரை போன்றவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. கூடையில் கிடந்தாலும், "சின்னத் துண்டுதானே" என்று வாங்காதீர்கள்.

வாங்கிய மீனை வெட்டுவதற்கு முன் போட்டோ. தலை இடப் பக்கம் பார்த்திருக்கும்படி வைத்து, துடுப்புகளை விரித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். சதையை வலப் பக்கத்திலிருந்து, முதுகுத் துடுப்புக்குக் கீழே எடுங்கள். இடப் பக்கம் சிதையாமல் இருந்தால்தான் பின்னால் யாராவது செதில் எண்ணி, துடுப்பு முள் எண்ணிச் சரிபார்க்க முடியும். மேல் தோலை நீக்கி, உள் சதையை மட்டும் எடுங்கள். கூடையில் பத்து மீன் ஒன்றோடொன்று உரசிக் கிடந்தவை. தோல் மேலிருக்கும் வழவழப்பில் எல்லாருடைய டிஎன்ஏவும் இருக்கும். ஒவ்வொரு மீனுக்கும் புது பிளேடு.

சதையை நல்ல எத்தனாலில் போடுங்கள், 95 சதவீதத்துக்குக் குறையாமல். சதை ஒரு பங்கு என்றால் எத்தனால் பத்துப் பங்கு. மறுநாள் அதைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். சதையின் தண்ணீர் இறங்கி எத்தனால் நீர்த்திருக்கும். ஃபார்மலின் கிட்டேயே வரக்கூடாது, டிஎன்ஏவைப் பின்னிக் கெடுத்துவிடும். முழு மீனை அருங்காட்சியகத்துக்காக ஃபார்மலினில் வைப்பதானால், சதை எடுத்த பிறகு வையுங்கள்.

லேபிள் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். என் முதல் சேகரிப்பில் பன்னிரண்டு ட்யூபுக்கும் மார்க்கர் பேனாவில் எண் எழுதினேன். இரவில் ஒரு மூடி கசிந்திருக்கிறது. காலையில் பெட்டியைத் திறந்தால் பன்னிரண்டு ட்யூபிலும் ஒரே நீலக் கறை. எது பாறை, எது வங்கடை? வெள்ளைச் சதையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கொட்டினேன். அன்றிலிருந்து பென்சில்தான். கெட்டித்தாளில் பென்சிலால் எண் எழுதி ட்யூபுக்குள்ளேயே போட்டுவிடுவேன். எத்தனால் பென்சிலை ஒன்றும் செய்யாது. அதே எண் நோட்டிலும், போட்டோவிலும், முழு மீன் மேலும் இருக்க வேண்டும்.

டிஎன்ஏ எடுப்பது

கிட் இருந்தால் கிட்டில் சொல்லியபடி செய்யுங்கள். இல்லாவிட்டாலும் கவலையில்லை. 25 மில்லிகிராம் சதை போதும். ஒரு பச்சைப் பயறு அளவு. ஆர்வத்தில் நிறையப் போட்டால் குழாயெல்லாம் புரதக் கூழாகிவிடும். எத்தனாலை வடித்து, சதையைக் காயவிட்டு, பொடியாக நறுக்கி, எஸ்டிஎஸ் என்ற சோப்பு வகை கலந்த பஃபரில், புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் கே சேர்த்து 56 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் தெளிந்த திரவமாக இருக்க வேண்டும். துணுக்கு மிதந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

அப்புறம் புரதத்தை நீக்க பீனால் குளோரோபார்ம் அல்லது உப்பு முறை. முதல் முறை செய்பவர்களுக்கு உப்பு முறையே நல்லது. பீனால் கையில் பட்டால் தோலை எரித்துவிடும். தெளிந்த மேல் திரவத்தில் குளிர்ந்த எத்தனாலைச் சேர்த்து ட்யூபை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். வெள்ளையாக, பஞ்சு நூல் மாதிரி ஒன்று சுருண்டு மேலே வரும். எத்தனை வருஷமானாலும் அந்த நொடியில் பசங்களோடு நானும் குனிந்து பார்க்கிறேன்.

70 சதவீத எத்தனாலில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கரையுங்கள். அவசரப்பட்டு எத்தனால் மிச்சம் இருக்கும்போதே கரைத்தால் ஜெல் குழியில் விட்டதும் டிஎன்ஏ கரைசல் மேலே மிதந்து போய்விடும், வேண்டிய டிஎன்ஏ துண்டைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆரும் நடக்காது. 260, 280 நானோமீட்டர் ஒளியை டிஎன்ஏ உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) 1.8 பக்கம் இருந்தால் சுத்தம்.

பிசிஆர்

சிஓஐக்கு நாங்கள் ஓட்டுவது: 95 டிகிரியில் 2 நிமிடம், பிறகு 94-ல் 30 விநாடி, 54-ல் 30 விநாடி, 72-ல் ஒரு நிமிடம், இப்படி 35 சுற்று, கடைசியில் 72-ல் 10 நிமிடம். 1.5 சதவீத அகரோஸ் ஜெல்லில் 700 எழுத்து நீளத்தை ஒட்டி ஒரே ஒரு பட்டை தெரிய வேண்டும். பட்டை வரவில்லையென்றால் முதலில் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதில் தீரும். இரண்டு பட்டை வந்தால் அந்த 54 டிகிரியை இரண்டு டிகிரி ஏற்றுங்கள்.

டிஎன்ஏவே போடாத ஒரு ட்யூப் ஒவ்வொரு முறையும் இருந்தே ஆக வேண்டும். ஒரு வருஷம் அந்த வெற்று ட்யூபிலும் பட்டை வந்தது. பிரைமர் மாற்றினோம், என்சைம் மாற்றினோம், மூன்று வாரம் போனது. கடைசியில் பார்த்தால், எல்லாரும் பிப்பெட் விட்டு எடுத்த தண்ணீர் பாட்டிலுக்குள் யாருடைய மீனோ போயிருந்தது. அதற்குப் பிறகு தண்ணீரை அரை மில்லி அரை மில்லியாகப் பிரித்துவைத்து, ஒரு நாள் ஒன்று என்று தூக்கிப்போடுகிறோம். வெற்று ட்யூபில் பட்டை வந்தால் அன்றைய மொத்தத்தையும் கொட்டுங்கள். "லேசாத்தானே இருக்கு மேடம்" என்ற பேச்சு எங்கள் ஆய்வகத்தில் கிடையாது.

சீக்வென்ஸ் வந்த பிறகு

பிசிஆரில் வந்த டிஎன்ஏவின் எழுத்து வரிசையை, அதாவது சீக்வென்ஸை, இரண்டு பக்கத்திலிருந்தும் படிக்கக் கொடுங்கள். காசை மிச்சம் பிடிக்க ஒரு பக்கம் மட்டும் கொடுத்தவர்கள் எல்லாரும் மறுபடி கொடுத்திருக்கிறார்கள்.

வரும் எழுத்துக் கோப்பை அப்படியே எடுத்து மரம் போடத் தொடங்காதீர்கள். சீக்வென்ஸ் கருவி ஒவ்வொரு எழுத்தையும் வண்ண மலையாக வரைந்துதரும் க்ரோமட்டோகிராமைத் திறந்து, உங்கள் கண்ணால், முதலிலிருந்து கடைசி வரை பாருங்கள். பச்சை ஏ, நீலம் சி, கருப்பு ஜி, சிவப்பு டி. முதல் 30, 40 எழுத்துகளில் மலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், அதை வெட்டுங்கள். வாலிலும் தேய்ந்த பகுதியை வெட்டுங்கள். நடுவில் ஒரே இடத்தில் இரண்டு நிற மலை சம உயரத்தில் நின்றால், எதிர்ப்பக்கப் படிப்பைப் பாருங்கள். அங்கேயும் அப்படியென்றால் அந்த இடத்தில் எழுத்து தெரியவில்லை என்பதற்கு 'N' போடுங்கள். ஊகித்து எழுத்துப் போடக்கூடாது. ஒரு மாதிரிக்கு இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடம்தான் உங்கள் ஆய்வு. மிச்சத்தைக் கணினி செய்துவிடும்.

அடுத்து, எழுத்துகளை அமினோ அமிலமாக மாற்றிப் பாருங்கள். மெகா மென்பொருளில் ஒரு பொத்தான்தான். ஆனால் மரபுக் குறியீட்டுப் பட்டியலில் "முதுகெலும்பி மைட்டோகாண்ட்ரியா" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போன வருஷம் ஒரு மாணவி, சீக்வென்ஸ் முழுக்க நிறுத்தக் குறியாக வருகிறது என்று அழுகிற நிலையில் வந்தாள். பொதுக் குறியீட்டில் டி-ஜி-ஏ என்றால் நிறுத்து. மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோபேன். பட்டியலை மாற்றினோம், எல்லாம் சரியாகிவிட்டது.

சரியான குறியீட்டிலும் நடுவில் நிறுத்தம் வந்தால் அது வேறு விஷயம். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் துண்டுகள் பரிணாமத்தில் அவ்வப்போது உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, வேலை செய்யாத பிரதியாக நின்றுவிடும். உங்கள் பிரைமர் அதைப் பிடித்திருக்கலாம். அதை மரத்தில் சேர்க்காதீர்கள்.

பிறகு ஜென்பேங்க், போல்ட் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளங்களில் தேடிப் பாருங்கள். 99 சதவீதம் பொருந்தியது என்பதற்காக அங்கே இருக்கும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளை வவ்வாலே இதற்குச் சாட்சி. நம் கடலின் வெள்ளை வவ்வாலை நெடுங்காலம் பாம்பஸ் அர்ஜென்டியஸ் என்றே எழுதிவந்தோம். டிஎன்ஏவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்தபோது, இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் இருப்பது தனி இனம் என்று தெரிந்து, குவியே 1829-ல் கொடுத்த பாம்பஸ் கேண்டிடஸ் என்ற பெயர் திரும்ப வந்தது. பழைய பதிவுகள் இன்னும் பழைய பெயரிலேயே கிடக்கின்றன. அதனால்தான் முழு மீனையும் போட்டோவையும் வைத்திருக்கச் சொல்கிறேன்.

மரம்

எல்லா மீன்களின் எழுத்துகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்த மசிள் அல்லது கிளஸ்டல் மென்பொருள். சிஓஐயில் இடைவெளியே வராமல் வரிசை நிற்கும். ஒற்றை எழுத்து இடைவெளி வந்தால் அது பரிணாமம் இல்லை, க்ரோமட்டோகிராமில் நீங்கள் விட்ட பிழை. திரும்பிப் போய்ப் பாருங்கள். 16எஸ்-ல் இடைவெளி இயல்பு.

இனம் அடையாளம் காண கிமுராவின் இரு அளவுரு முறையில் தூரம் கணக்கிட்டு நெய்பர் ஜாயினிங் மரம் போட்டால் போதும். சொந்தம் பார்க்க, தரவுக்கு மிகவும் பொருந்தும் மரத்தைத் தேடும் மேக்சிமம் லைக்லிஹுட் முறை. எழுத்துகள் எப்படி மாறுகின்றன என்பதற்குப் பொருத்தமான கணக்கு மாடலை மெகாவே தேடிக்கொடுக்கும். ஐக்யூட்ரீ மென்பொருள் பழகியவர்கள், ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்துக் குறியின் ஒவ்வொரு இடத்துக்கும் தனி மாடல் கொடுக்கலாம். மூன்றாம் இடம் வேகமாக மாறுவது. தூரத்துச் சொந்தங்களில் அது மாறி மாறித் திரும்ப அதே எழுத்துக்கே வந்திருக்கும், தடயம் அழிந்திருக்கும்.

தரவிலிருந்து மறுபடி மறுபடி எடுத்து ஒவ்வொரு கிளையும் எத்தனை சதவீதம் முறை வருகிறது என்று பார்க்கும் பூட்ஸ்ட்ராப் சோதனையை 1000 முறை ஓட்டுங்கள். சாதாரண பூட்ஸ்ட்ராப்பில் 70-க்குக் கீழே இருக்கும் கிளையை நம்பி வாக்கியம் எழுதாதீர்கள். ஐக்யூட்ரீயின் அதிவேக பூட்ஸ்ட்ராப் என்றால் 95 வேண்டும். மரத்தைப் படிக்கும்போது, பக்கத்துப் பக்கத்து வரியில் இருப்பதால் சொந்தம் என்று எண்ணாதீர்கள். எந்த முடிச்சையும் சுழற்றலாம், மேலிருப்பது கீழே வரும். இரண்டு மீனிலிருந்தும் பின்னோக்கி நடந்து, எந்த முடிச்சில் சந்திக்கின்றன என்று பாருங்கள். அதுதான் உறவு.

எங்கள் வவ்வால் மரத்தில் சிஓஐ மட்டும் வைத்தபோதே கருப்பு வவ்வால் பாறையோடும் வங்கடையோடும் போய் உட்கார்ந்தது. வெள்ளை வவ்வால்தான் அலைந்தது. ஒரு முறை வாளையோடு, ஒரு முறை தனியாக. ஆழமான முடிச்சுகளில் பூட்ஸ்ட்ராப் ஐம்பதைத் தொடவில்லை. 650 எழுத்துக்கு அவ்வளவு பழைய கதையைச் சொல்லத் திராணி கிடையாது. இங்கேதான் பல மாணவர்கள் மென்பொருளை மாற்றி மாற்றி, தமக்குப் பிடித்த மரம் வரும்வரை ஓட்டுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தரவு போதவில்லையென்றால் தரவைக் கூட்டுங்கள்.

முழு மைட்டோகாண்ட்ரியா ஜீனோம்கள் ஜென்பேங்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. மீன்களுக்கென்றே மிட்டோஃபிஷ் என்ற தளமும் இருக்கிறது. இந்த மீன்களுக்கும் இவற்றின் நெருங்கிய இனங்களுக்கும் எடுத்து, 12 புரத ஜீன்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிடுங்கள். பதிமூன்றாவதான என்டி6 எதிர் இழையில் இருப்பது. அதன் எழுத்துகளின் விகிதமே வேறு என்பதால் பலரும் அதை விட்டுவிடுவார்கள். இப்போது மரம் நின்று பேசும். வெள்ளை வவ்வால், கானாங்கெளுத்தி, வஞ்சிரம், வாளை எல்லாம் ஒரு பக்கம். கருப்பு வவ்வால், பாறை, வங்கடை இன்னொரு பக்கம். 2013-ல் மசாகி மியாவின் குழு முழு மைட்டோகாண்ட்ரியா ஜீனோம்களை வைத்துச் சொன்னதும் இதுதான்: சூரை, கானாங்கெளுத்திக் குடும்பத்தோடு இன்னும் 14 குடும்பங்கள் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை. நாடா மாதிரி நீண்ட வாளையும் தட்டு மாதிரி வட்டமான வெள்ளை வவ்வாலும் அதில் உண்டு. உருவத்தைப் பார்த்து யாரும் அவற்றைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

வேலை முடிந்ததும் சீக்வென்ஸை ஜென்பேங்கில் ஏற்றுங்கள். பிடித்த இடம், தேதி, மாதிரி எண் மூன்றும் இல்லாமல் ஏற்றாதீர்கள். முழு மீனைக் கல்லூரி அலமாரியில் விடாமல், பதிவெண் கொடுத்துக் காக்கும் இடத்தில் சேர்க்க முயலுங்கள். சென்னையில் சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

மரத்தை அச்சடித்து அம்மாவிடம் காட்டினேன். கருப்பு வவ்வால் பாறையோடு இருப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வெள்ளை வவ்வாலும் வாளையும் இருந்த கிளையில் விரலை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் மார்க்கெட்டிலிருந்து இரண்டு மீனும் வாங்கிவந்து, அருவாமனையில் வைத்து வயிற்றைப் பிளந்து, உள்ளே எது ஒரே மாதிரி இருக்கிறது என்று தேடினார்.